பலூனுக்கு நடு உண்டு, பிரபஞ்சத்துக்கு இல்லை

கேள்வி: சார், வணக்கம். எனக்குக் குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகளின் படிப்பு தெலுங்கில். டெம்போ ஓட்டுகிறேன். சாமந்தி மூட்டை ஏற்றிக்கொண்டு ராத்திரி கிளம்பினால் விடிவதற்குள் பெங்களூரு மார்க்கெட்டில் இருக்க வேண்டும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அறிவியல் கண்காட்சியில் ஒரு பலூனில் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டி, ஊதிக் காட்டி, பிரபஞ்சம் இப்படித்தான் விரிகிறது என்று விளக்கினாள். பார்க்க வந்த ஒருவர், "அப்படியானால் நடு எங்கே? வெடித்த இடம் எது? பலூனுக்கு வெளியே இருப்பது என்ன?" என்று கேட்டிருக்கிறார். இவள் முழித்திருக்கிறாள். "தெரியாததை எதற்கு வைக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ரெண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மச்சான் யூடியூப் நிறையப் பார்ப்பவர். பிரபஞ்சம் தட்டைதான் என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள் என்கிறார், நிலா வருஷா வருஷம் தள்ளிப் போவதும் இந்த விரிவால்தான் என்கிறார். எனக்கு ஒரு சந்தேகம்: பிரபஞ்சத்தின் வயசு 1380 கோடி வருஷம், ஆனால் 4600 கோடி ஒளியாண்டு தூரம் வரை தெரிகிறது என்கிறார்கள். இது எப்படிச் சரியாகும்? நான் பத்தாவது வரைதான் படித்தேன். மகளுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி எழுதுங்கள்.

பதில்: முதலில் மகளைக் கூப்பிட்டு, அவள் வைத்த மாடலில் தப்பு எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். அந்த மனிதர் கேட்ட மூன்றுமே நல்ல கேள்விகள், எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவர்களே தடுமாறுகிற கேள்விகள். ஆனால் ஒரு பிள்ளையிடம் அதைக் கேட்டுவிட்டு, பதிலையும் சொல்லாமல், எதற்கு வைத்தாய் என்று சொல்லிவிட்டு நகர்ந்தது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது. தெரிந்திருந்தால் ஐந்து நிமிஷம் நின்று சொல்லியிருக்கலாம். தெரியாவிட்டால், வா சேர்ந்து தேடுவோம் என்றாவது சொல்லியிருக்கலாம். சரி, அவர் விட்டுப்போன பதிலை நாம் சொல்லிவிடுவோம்.

என் தொழில் வானியல். தொலைநோக்கி பிடித்துத் தரும் கேலக்ஸிகளின், அதாவது கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கூட்டங்களின், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளப்பதுதான் அன்றாட வேலை. உங்களுக்கு வாணியம்பாடி வழி பழக்கம் என்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பது தெரிந்திருக்கும். 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986-லிருந்து அங்கே இருக்கிறது. பிரபஞ்சம் விரிகிறது என்பதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் மட்டும் தெரிகிற சமாச்சாரம் என்று மகள் நினைக்க வேண்டாம், அதை அளக்கிற மாதிரியான கருவி உங்கள் வீட்டிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் ஓடுகிற குழப்பங்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பிரபஞ்சத்தைப் பற்றி நினைத்த உடனே நம் மனசு அதற்கு வெளியே போய் நின்றுகொள்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஒரு உருண்டை தெரிகிறது, உருண்டைக்கு நடு தெரிகிறது, ஓரம் தெரிகிறது, ஓரத்துக்கு அப்பால் இருட்டு தெரிகிறது. பாடப்புத்தகப் படங்களும் டிவி நிகழ்ச்சிகளும் இதையே காட்டுகின்றன, கறுப்பு வெளியில் ஒரு பொறி, அது படாரென்று நாலாபக்கமும் சிதறும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தை எடுத்த கேமரா எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அப்படி நின்று பார்க்க ஒரு இடம் கிடையாது. நமக்குத் தெரிந்தது அத்தனையும் உள்ளே இருந்தபடியே அளந்து தெரிந்துகொண்டது. இதை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வழிக்கு வரும்.

நடு எங்கே என்பதை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் ரயில் பாதையையே எடுத்துக்கொள்ளலாம்: பச்சூர், மல்லானூர், குப்பம், குடுப்பள்ளி, பிசாநத்தம். கணக்குக்காக ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நடுவே சரியாக 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு மணி நேரத்தில் எல்லா இடைவெளியும் 10-லிருந்து 20 ஆகிறது. ஸ்டேஷன் எதுவும் தண்டவாளத்தின் மேல் ஓடவில்லை, இடையில் இருக்கிற தரைதான் நீள்கிறது. மகள் குப்பம் ஸ்டேஷனில் நின்று பார்க்கிறாள். 10 கிலோமீட்டரில் இருந்த மல்லானூர் இப்போது 20-ல் இருக்கிறது, அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் விலகியிருக்கிறது. 20-ல் இருந்த பச்சூர் 40-க்குப் போய்விட்டது, மணிக்கு 20. அந்தப் பக்கம் குடுப்பள்ளியும் பிசாநத்தமும் அதே கணக்கு. பக்கத்தில் இருப்பது மெதுவாக, தூரத்தில் இருப்பது வேகமாக, எல்லாமே தன்னை விட்டு ஓடுவதுபோல அவளுக்குத் தெரியும். ஆகா, குப்பம்தான் எல்லாவற்றுக்கும் நடு என்று அவள் முடிவு கட்டலாம்.

ஆனால் அவள் சிநேகிதி அதே நேரம் மல்லானூரில் நிற்கிறாள். அவளுக்குக் குப்பம் 10-லிருந்து 20, பச்சூரும் 10-லிருந்து 20, குடுப்பள்ளி 20-லிருந்து 40, பிசாநத்தம் 30-லிருந்து 60. அவளும் மல்லானூர்தான் நடு என்பாள், அவள் கணக்கிலும் பிசகு இல்லை. பாதைக்கு இரண்டு பக்கமும் முடிவே இல்லை என்று வைத்தால், எந்த ஸ்டேஷனில் நின்றாலும் இதே காட்சிதான். இதை வாயால் சொல்லாமல் நோட்டில் கோடு போட்டு அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள், அவள் கையால் அந்த எண்கள் வந்தால் பிறகு யார் வந்து மிரட்டினாலும் முழிக்க மாட்டாள்.

வானத்தில் நாங்கள் காண்பதும் இந்தக் கணக்கைத்தான். கேலக்ஸிகளின் ஒளியில் நிறங்கள் இடம் மாறியிருப்பதை அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-லிருந்தே அளக்கத் தொடங்கிவிட்டார். ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்து விரிகிற பிரபஞ்சம் வரும் என்று 1922-ல் ரஷ்யக் கணித அறிஞர் ஃப்ரீட்மன் காட்டினார், 1927-ல் பெல்ஜியத்துப் பாதிரியார் லெமைத்ர அதைக் கேலக்ஸிகளின் வேகத்தோடு பொருத்தினார், 1929-ல் அமெரிக்க வானியலாளர் ஹபிள் தூரத்தையும் வேகத்தையும் ஒரே கோட்டில் வைத்துக் காட்டினார். ஒளி ஒரு வருஷத்தில் போகிற தூரம்தான் ஒரு ஒளியாண்டு; இன்றைய கணக்கில் ஒவ்வொரு 32 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரத்துக்கும் விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் கூடுகிறது. ஒரு வகையில் அளந்தால் 67, இன்னொரு வகையில் அளந்தால் 73 என்று வருவதால் இப்போது எங்கள் துறையில் பெரிய விவாதம் நடக்கிறது, ஆனால் அது எவ்வளவு வேகம் என்பதில்தான், விரிகிறதா என்பதில் அல்ல.

இதை எப்படி அளக்கிறோம் என்பதை ஒரு தடவை கிட்டத்தில் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் யூடியூபில் யாரும் இதைச் சொல்வதில்லை. சித்திரை மாதத்தில் ராத்திரி பத்து மணி வாக்கில் உங்கள் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே, கோமா என்றொரு கேலக்ஸிக் கூட்டம் இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒரு கேலக்ஸியின் ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து நிறமாலையாக விரித்தால் திரையில் மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். ஊதா நிறப் பக்கத்தில் அந்தக் கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கும். கால்சியம் அணுக்கள் ஒளியை விழுங்கிய இடம் அது. நம் சோதனைச்சாலையில் அந்த இரண்டு பள்ளமும் 393.4, 396.8 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் விழும். கோமா கேலக்ஸியில் சுமார் 402.5-லும் 406-லும் விழுகிறது. இரண்டும் ஒரே விகிதத்தில், நூற்றுக்கு 2.3 பங்கு நகர்ந்திருக்கின்றன. அதே கால்சியம்தான், அதே ஜோடிதான், நீண்டுவிட்டது. நொடிக்கு ஏறத்தாழ 7000 கிலோமீட்டர் விலகலுக்கு ஈடான நீட்சி இது. தூரம் சுமார் 33 கோடி ஒளியாண்டு. மேலே சொன்ன 70 கிலோமீட்டர் கணக்கோடு நீங்களே ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி வருவதற்குள் வழியில் இருந்த தூரமெல்லாம் எத்தனை பங்கு நீண்டதோ, அலையும் அத்தனை பங்கு நீண்டிருக்கிறது.

இப்போது பலூன். மகளின் மாடலில் பிரபஞ்சத்துக்கு ஈடாக நிற்பது பலூனின் ரப்பர் தோல் மட்டும்தான். உள்ளே இருக்கும் காற்று கணக்கில் சேராது, வெளியே இருக்கும் அறையும் கணக்கில் சேராது. தோலின் மேலேயே ஊர்ந்து போகிற எறும்புக்கு மேலே கீழே என்பதே தெரியாது, முன்னே பின்னே, இடம் வலம் அவ்வளவுதான். அந்த எறும்பு தோல் முழுக்கச் சுற்றி வந்தாலும் இதுதான் நடு என்று சொல்ல ஒரு பொட்டும் கிடைக்காது. நடு எங்கே என்று கேட்டவர் பலூனுக்குள்ளே கையைக் காட்டியிருப்பார். பலூனுக்கு அங்கே நடு உண்டுதான், ஆனால் அந்த இடம் மாடலில் பிரபஞ்சத்தின் பகுதியே இல்லை. இந்த ஒரு வரி மகளுக்குத் தெரிந்திருந்தால் போதும், அவர் வாயடைத்திருப்பார்.

பலூனில் குறையும் இருக்கிறது, அதையும் அவள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பலூன் உருண்டை என்பதால் பிரபஞ்சமும் அப்படி மூடி வளைந்தது என்ற எண்ணம் வந்துவிடும். அளந்து பார்த்ததில் அப்படி வளைந்ததற்கு அடையாளம் இல்லை. பலூன் அறைக்குள் விரிவதால் பிரபஞ்சமும் எதற்குள்ளோ விரிய வேண்டும் என்று தோன்றும். அந்த மூன்றாவது கேள்வி இதிலிருந்துதான் வருகிறது.

எதற்குள் விரிகிறது? எதற்குள்ளும் இல்லை. மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம், ரயில் பாதைக்கே திரும்பிப் பாருங்கள். முடிவில்லாத பாதையில் எல்லா இடைவெளியும் இரண்டு மடங்கு ஆனது. பாதை முன்பும் முடிவில்லாதது, இப்போதும் முடிவில்லாதது. கூடுதலாக ஒரு இடத்தை அது எங்கிருந்தும் பறித்துக்கொள்ளவில்லை. விரிவு என்றால் பொருள்களுக்கு இடையே உள்ள தூரம் கூடுகிறது, அவ்வளவே. ஃப்ரீட்மன் எழுதிய சமன்பாடுகளிலும் தூரங்கள் எத்தனை மடங்காகின்றன என்ற ஒரு அளவுதான் இருக்கிறது, வெளியே என்று ஒரு குறியீடே அதில் இல்லை, அது இல்லாமலே கணக்கு முழுசாக முடிந்து அளவுகளோடு ஒத்தும் போகிறது.

வெடித்த இடம் எது என்ற கேள்வியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆரம்பத்தில் பிரபஞ்சம் ஒரு புள்ளியாக இருந்தது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நாம் பார்க்க முடிகிற பகுதி, அதாவது இன்று 4600 கோடி ஒளியாண்டு வரை பரந்து கிடக்கிற பகுதி, அன்று மிகமிகச் சின்னதாக நெருங்கிக் கிடந்தது என்பதுதான் சரி. மொத்தப் பிரபஞ்சமும் முடிவில்லாதது என்றால் அது ஆரம்பத்திலும் முடிவில்லாததாகத்தான் இருந்திருக்கும், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சூடாக, அடர்த்தியாக. பச்சூரிலும் சூடு, பிசாநத்தத்திலும் சூடு. அது நடந்த இடம் எங்கே என்று மகளிடம் யாராவது கேட்டால், தன் காலடியைக் காட்டி, இங்கேயும்தான், எல்லா இடத்திலும்தான் என்று சொல்லட்டும்.

இதற்கு ஆதாரம் கேட்டால் கைவசம் அருமையான ஆதாரம் இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியஸ், வில்சன் என்று இரண்டு பேர் கொம்பு வடிவத்தில் இருந்த ஒரு பெரிய ஆன்டெனாவை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு இரைச்சல். பகலிலும் அதே, ராத்திரியிலும் அதே. உள்ளே புறா கூடு கட்டி எச்சமிட்டிருந்தது, அதையும் சுத்தமாகத் துடைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் வருஷத்தில், அது 3000 டிகிரிச் சூட்டில் இருந்தபோது கிளம்பிய ஒளிதான் அது என்று பிறகு தெரிந்தது, 1978-ல் இரண்டு பேருக்கும் நோபல் கிடைத்தது. அந்த ஒளி இப்போது ஏறத்தாழ 1100 மடங்கு நீண்டு, ஆறிப்போய், மைனஸ் 270 டிகிரி செல்சியஸில் வந்துகொண்டிருக்கிறது. பழைய பெட்டி டிவியில் சேனல் இல்லாதபோது வெள்ளைப் புள்ளிகள் இரையுமே, அதிலும் இதற்குச் சின்னப் பங்கு உண்டு. ஒரு இடத்தில் மட்டும் வெடித்துச் சிதறியிருந்தால் அந்தப் பக்கம் வானம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்க வேண்டும். ஆனால் நம் சூரியக் குடும்பம் நொடிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதால் வருகிற சின்ன வித்தியாசத்தைக் கழித்துவிட்டால், எல்லாத் திசையிலும் லட்சத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக ஒரே வெப்பம்.

உங்கள் சொந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன், உண்மையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிற ஒருவர் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்த்து, இது இடிக்கிறதே என்று கேட்கிறார், அந்தக் கேள்வி நியாயமானது. 1380 கோடி வருஷத்தில் ஒளி போகக்கூடிய தூரம் 1380 கோடி ஒளியாண்டுதானே, 4600 எங்கிருந்து வந்தது? பாதை நீளாமல் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இங்கே ஒளி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதை நீள்கிறது, அது கடந்து வந்த பகுதியும் நீள்கிறது, இன்னும் கடக்க வேண்டிய பகுதியும் நீள்கிறது.

புறாக்கூட்டு ஆன்டெனா பிடித்த ஒளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கிளம்பியபோது அந்த இடம் நாம் இருக்கும் இடத்திலிருந்து வெறும் 4 கோடி 20 லட்சம் ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. பாதை அசையாமல் இருந்திருந்தால் 4 கோடி 20 லட்சம் வருஷத்தில் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அப்போது விரிவு பயங்கர வேகம். நம்மை நோக்கி ஒளி ஓட ஓட, பாக்கி தூரம் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனது. பல கோடி வருஷம் அந்த ஒளி நம் பக்கம் முகத்தைத் திருப்பி ஓடியபடியே நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பொருள்களின் ஈர்ப்பால் விரிவின் வேகம் மெல்ல மெல்லத் தணிந்தது, ஒளி தேறி வந்து, 1380 கோடி வருஷம் கழித்து நம்மிடம் சேர்ந்தது. அது கிளம்பிய இடம் இதற்குள் 4600 கோடி ஒளியாண்டுக்குப் போய்விட்டது. ஆக, வயது 1380 கோடி என்பது கடிகாரம் காட்டுகிற நேரம், 4600 கோடி என்பது இன்றைய தேதியில் நாடா பிடித்தால் வரும் தூரம். இரண்டும் மோதவில்லை.

அப்படியானால் ஒளியை விட வேகமா என்று இப்போது கேட்கத் தோன்றும். ஆமாம், சுமார் 1400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கேலக்ஸிகளுக்கும் நமக்கும் இடையே தூரம் கூடுகிற வேகம் ஒளியின் வேகத்தை மிஞ்சுகிறது. இதனால் ஐன்ஸ்டீன் சொன்னது பொய்யாகிவிடாது. ஒரே இடத்தில் ஒளிக்கதிரும் வேறொரு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஒளியை அது முந்த முடியாது என்பதுதான் விதி. அந்தத் தொலைதூரக் கேலக்ஸி தன் இடத்தில் ஒளியை முந்தி ஓடவில்லை, தன்பாட்டுக்கு இருக்கிறது, இடையில் உள்ள தூரம் வளர்கிறது. அப்படி விலகுகிற கேலக்ஸிகளை நாம் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம்: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டுபிடித்து 2024-ல் அறிவிக்கப்பட்ட ஒரு கேலக்ஸி இன்று 3300 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது, பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதுகூட ஆகாதபோது கிளம்பிய அதன் ஒளி இப்போதுதான் நமக்கு வந்திருக்கிறது.

மச்சான் சொன்ன தட்டைக்கு வருவோம். அவர் காதில் விழுந்தது சரி, மனசில் வரைந்துகொண்ட படம்தான் தவறு. மேசை மாதிரி, மேல் ஒரு பக்கம் கீழ் ஒரு பக்கம் என்று தட்டை இல்லை, எல்லாத் திசையிலும் பரந்த வெளியைப் பற்றித்தான் பேசுகிறோம். பள்ளியில் முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180 டிகிரி என்று படித்திருப்பீர்கள். அது எல்லாப் பரப்பிலும் உண்மை இல்லை. பூமியின் வட துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு ஒரு கோடு இறக்கி, நிலநடுக்கோட்டின் மேலேயே பூமிச் சுற்றளவில் கால் பங்கு நடந்து, மறுபடி துருவத்துக்கு ஏறினால் வருகிற முக்கோணத்தில் மூன்று கோணமும் 90 டிகிரி, கூட்டினால் 270. வீட்டில் உலக உருண்டை இருந்தால் நூல் பிடித்துக் காட்டுங்கள். பூமியை விட்டு வெளியே போகாமல், தரையிலேயே கோணத்தை அளந்து தரை வளைந்தது என்று கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இதில் முக்கியம். பிரபஞ்சத்தின் வடிவத்தையும் அப்படித்தான், உள்ளே இருந்தபடியே முக்கோணம் போட்டு அளக்கிறோம்.

அவ்வளவு பெரிய முக்கோணத்துக்கு எங்கே போவது? அந்தப் பழைய ஒளி இருக்கிறதே. அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் சூடான திட்டு, குளிர்ந்த திட்டு என்று புள்ளிகள் இருக்கின்றன. அந்தத் திட்டுகளின் அசல் அகலம் எவ்வளவு என்பது இயற்பியல் கணக்கில் வருகிறது, அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதும் தெரியும். வெளி வளையாமல் இருந்தால் ஒரு திட்டு வானத்தில் ஏறத்தாழ 1 டிகிரி அகலத்தில் தெரிய வேண்டும், அதாவது முழு நிலா இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். பலூனைப் போல வளைந்திருந்தால் அதைவிடப் பெரிதாகத் தெரியும், எதிர்ப்பக்கம் வளைந்திருந்தால் சிறிதாகத் தெரியும். 1998 டிசம்பர் கடைசியில் அண்டார்டிகாவில் பூமராங் என்ற கருவியை ஒரு நிஜமான ராட்சத பலூனில் கட்டிப் பறக்கவிட்டார்கள், அது பத்து நாள் வாக்கில் அந்தக் கண்டத்தைச் சுற்றி வந்து அளந்தது. 2000-ல் வந்த விடை: 1 டிகிரிதான். பிறகு பிளாங்க் விண்கலம் அதே பழைய ஒளியை இன்னும் நுணுக்கமாக அளந்து, மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்த்ததில், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழைக்குள் வளைவு இல்லை என்று ஆனது. விஞ்ஞானிகள் தட்டை என்பது இதைத்தான். பலூன் வைத்த பிள்ளையின் கண்காட்சியில் இந்தப் பலூனின் கதையும் ஒரு அட்டையில் எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை.

வளைவு இல்லை என்பதால் முடிவே இல்லாதது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வளையாமலே, நேராகப் போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிற மாதிரி வெளி அமைந்திருக்கவும் கணிதம் இடம் தருகிறது. அந்தச் சுற்று நாம் பார்க்கிற எல்லைக்குள் அடங்கியிருந்தால் பழைய ஒளியில் ஒரே வட்டம் இரண்டு இடத்தில் தெரிய வேண்டும், தேடினார்கள், கிடைக்கவில்லை. பார்க்கிற எல்லைக்கு அப்பால் எப்படி என்பது இன்றுவரை திறந்த கேள்வி.

நிலா விஷயம் சின்னது. நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் தள்ளிப் போவது உண்மை. அப்பல்லோ ஆட்கள் 1969-ல் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசரை அடித்துத்தான் அதை அளக்கிறார்கள். காரணம் கடல் ஓதம், அதாவது நிலாவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவது. பூமியின் சுழற்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் நிலாவுக்குப் போகிறது, அதனால் அது விலகுகிறது. பிரபஞ்ச விரிவுக்கு இதில் பங்கு இல்லை. ஈர்ப்பு கட்டிப்போட்ட இடத்தில் விரிவு எடுபடாது: பூமி பெரிதாகவில்லை, சூரியனைச் சுற்றும் நம் பாதை இதனால் நீளவில்லை, நம் பால்வெளி கேலக்ஸியும் ஊதிப் போகவில்லை. விரிவு தெரிவது கேலக்ஸிக் கூட்டத்துக்கும் கேலக்ஸிக் கூட்டத்துக்கும் இடையே. பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் அதற்கும் நமக்கும் இடையே ஈர்ப்பு ஜெயித்துவிட்டது.

அதை நீங்கள் பார்க்கவும் முடியும். ஆவணி மாதத்தில் மேகம் இல்லாத நாளில், விடியற்காலை மூன்று மணிக்கு எங்காவது டீக்கு நிறுத்தினால், கடை விளக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, கண் இருட்டுக்குப் பழகும் வரை பத்து நிமிஷம் பொறுத்து, உச்சிக்கு வடக்கே பாருங்கள். நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும், அதன் வடகிழக்கு மூலையிலிருந்து விண்மீன் வரிசை ஒன்று கிளம்பும், அதில் இரண்டாவது பிரகாசமான விண்மீனுக்கு வடக்கே மங்கலான நீளவாட்டுத் திட்டு ஒன்று. நேராக வெறிக்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால் நன்றாகத் தெரியும். 25 லட்சம் வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய ஒளி அது. மகளையும் ஒரு நாள் வண்டியில் கூட்டிப் போங்கள், அவளுக்குப் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்து.

கடைசியாக மாடலுக்கு. அடுத்த தடவை வைக்கும்போது ஸ்டிக்கர் பொட்டையே வைக்கச் சொல்லுங்கள், ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி போட வேண்டாம். பேனாப் புள்ளி பலூனோடு சேர்ந்து தானும் பெரிதாகும், கேலக்ஸி அப்படிப் பெரிதாவதில்லை, ஒட்டிய பொட்டு அளவு மாறாமல் நிற்கும். அவள் தெரிந்து செய்தாளோ தெரியாமல் செய்தாளோ, அது மிகச் சரி. ஆனால் இரண்டு பொட்டுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் பேனாவால் நெளிநெளியாக ஒரு அலை வரையட்டும். ஊதும்போது அந்த அலை நீள்வதுதான் கால்சியம் பள்ளங்கள் நகர்ந்த கதை. பலூனைப் பாதி ஊதிக்கொண்டு ஒட்டினால்தான் பொட்டு உரியாமல் நிற்கும். பக்கத்திலேயே ரயில் ஸ்டேஷன் கணக்கை ஒரு சார்ட்டில், தெலுங்கிலேயே எழுதி வைக்கட்டும், பார்க்க வருகிறவர்களிடம் முதலில், "நீங்கள் எந்த ஸ்டேஷனில் நிற்கிறீர்கள்?" என்று அவளே கேள்வி கேட்டு ஆரம்பிக்கட்டும்.